லேஸ் கோக்காத ஷூ

பாதம் சாருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இல்லாமல் இல்லை. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி முதலாளியிலிருந்து தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் பாதம் சார்தான். மனிதர்களை முகத்தை வைத்து அவர் பழகியதே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இடது முட்டி படி ஏறும்போது வலிக்குமே உங்களுக்கு?" என்பார். அந்த ஆள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார். பயம் இருக்காதா பின்னே?

வேலை அப்படி. கால்வலிக்காரர்கள் ஷூவுக்குள்ளே போட்டுக்கொள்கிற இன்சோல் செய்யும் பட்டறை அது. கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து தபாலில் பெட்டி வரும். பெட்டிக்குள்ளே மெத்தென்று நுரை, அந்த நுரையில் யாரோ ஒருவர் ஏறி நின்ற பள்ளம். பேர் கிடையாது, ஊர் கிடையாது, நம்பர் மட்டும்தான். பள்ளத்தில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், இறுகியதும் வெள்ளையாக ஒரு கால் எழுந்து வரும். அதன்மேல்தான் இன்சோலை அழுத்தி எடுப்பார்கள். இன்சோல் விரலுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பதால் விரல்கள் வேலைக்கு இடைஞ்சல். ஆகவே முதல் காரியம், கத்தியை எடுத்து ஐந்து விரலையும் சீவித் தள்ளிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகப் பாதம் சார் ரேடியோ கேட்டுக்கொண்டே விரல் சீவுகிறார்.

வேலை முடிந்த கால்கள் நம்பர் வரிசையில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற அலமாரியில் ஏறிவிடும். ஏழு வருஷம் நின்றபிறகுதான் உடைப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிற யாரும் அந்த விரலில்லாத கால்களுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டார்கள். ஒரு பெண் இரண்டே நாளில் வேலையை விட்டுப் போனாள், பின்னாலிருந்து யாரோ நடந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று. பாதம் சாருக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, அத்தனை கால்களும் பின்னால் நிற்க, நிம்மதியாக மத்தியானச் சாப்பாட்டை முடிப்பார்.

இன்னொன்று. தான் செய்த ஒவ்வொரு இன்சோலின் குதிகால் ஓரத்திலும் கத்தி நுனியால் இரண்டு சாய்ந்த வெட்டு போடுவார். ஏன் என்று கேட்டால், "கை பழகிடுச்சு" என்பார். பொய். அது சின்ன வயசு அடையாளம். வீட்டில் இரண்டு பையன்கள். பென்சில், சீப்பு, ஸ்கேல் எதிலும் அண்ணனுடையதில் ஒரு வெட்டு, தம்பியுடையதில் இரண்டு வெட்டு. சண்டை வராமல் இருக்க அம்மா செய்த ஏற்பாடு.

மூன்று மாதம் முன்னால் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடை வந்தது. பழைய ஷூ விற்கிற கடை. அடுத்தவன் போட்டுக் கழட்டினதைப் புதுசைவிட இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது, நாம் என்ன செய்ய. பாதம் சார் அந்தக் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும்.

டீ குடிக்க இறங்கியவர் படிக்கட்டின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜோடி கூடைப்பந்து ஷூ. கணுக்காலை மூடுகிற உயரம், வெள்ளை உடம்பு, சிவப்பு மூக்கு, கறுப்புப் பட்டை. உலகத்துக்கே தெரிந்த மாடல்தான். ஆனால் பாதம் சார் படிக்கட்டின் கைப்பிடியை விடவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அவருடைய அண்ணன் ஐந்து வயது மூத்தவர், கூடைப்பந்துப் பைத்தியம். ஒரு வருஷம் முழுக்க வீடுவீடாகப் பேப்பர் போட்டு அதே மாடல் ஷூவை வாங்கினார். நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டித்தான் ஆட்டக்களம். கரைப்பக்கம் ஓடுகிற பந்தை எடுத்துக் கொடுப்பது தம்பியின் வேலை. அண்ணனின் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தர் தன்னுடைய ஷூவை இன்னொருத்தருக்குக் கொடுப்பதென்றால், லேஸை உருவி, துவைத்து, சுருட்டி, ஷூவுக்குள்ளே வைத்துக் கொடுப்பார். வாங்குகிறவர் தன் கையால் அதைக் கோத்துக்கொண்டால்தான் ஷூ அவருடையது. தம்பிக்குப் பதினாலு வயசு. ஆசை தாங்காமல் ஒரு நாள் கேட்காமலே ஷூவை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வந்தார். அண்ணன் பிடுங்கிக்கொண்டு, "என் கால் ஓஞ்சப்புறம்தான்டா இது உன் காலுக்கு" என்றார்.

"அப்ப செத்துப் போ" என்றார் தம்பி.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் படிப்பை வைத்துப் பெரிய ரகளை. இந்த வாசலை மிதிக்காதே என்றெல்லாம் அப்பா கத்தினார். மறுநாள் காலையில் நீர்த்தேக்கத்துக் காவலாளி கரைச் சுவரின்மேல் இருந்ததாகச் சொல்லி அந்த ஷூவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜோடியாக வைத்திருந்ததாம். உள்ளே லேஸ் சுருட்டி இருந்தது. நாலு நாள் தண்ணீரில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. பேப்பரில் போட்டோ வந்தது. அப்புறம் வீட்டுச் சுவரிலும் அதே போட்டோ ஏறியது.

லேஸைச் சுருட்டி வைத்தால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. 'நீ சொன்னபடியே செஞ்சுட்டேன், இந்தா எடுத்துக்கோ' என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனதாகவே அந்தப் பதினாலு வயசு புரிந்துகொண்டது. முப்பத்தோரு வருஷம். கட்டின மனைவியிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அந்த ஷூவை அவர் தொடவும் இல்லை. அம்மா அதைப் பரணில் வைத்திருந்தார். நாளாக நாளாக அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியையும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்துவிட்டு, போன வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அதே ஷூ கண்ணாடிக்குள்ளே நிற்கிறது என்றால் எப்படி இருக்கும்?

கடைக்காரம்மா வாட்டசாட்டமான மனுஷி, வாய் ஓயாது. "வாங்க சார், மாடியில இருந்துக்கிட்டு இப்பத்தான் கீழ இறங்க வழி தெரிஞ்சுதா? அது ரெட்ரோ சார். அந்தக் காலத்து மாடலை அச்சு அசல் அப்படியே கம்பெனி மறுபடியும் போட்டது. உள்ள பாருங்க, ஏழு வருஷத்துக்கு முந்தின தேதிதான் இருக்கும்."

ஏழு வருஷம்தான். பாதம் சாருக்கு மூச்சு வந்தது. அண்ணனுடையது இல்லை. இருக்கவும் முடியாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக இடது ஷூவை எடுத்து அடியைத் திருப்பியது.

கடைக்காரம்மாவின் பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. அதைப் பாதம் சார் கவனிக்கவில்லை. அவருடைய கண் முழுக்க அந்த ரப்பரில் இருந்தது. முன்பாதத்துக்குக் கீழே, காசு அளவுக்கு, சுற்றிச்சுற்றித் தேய்ந்த ஒரு வட்டம். நிற்கும்போதெல்லாம் முன்பாதத்தை ஊன்றி அப்படியும் இப்படியும் திருகுகிறவர்களுக்குத்தான் அப்படித் தேயும். இத்தனை வருஷத்தில் அவர் ஆயிரக்கணக்கான அடிகளைப் பார்த்திருக்கிறார். பல் தேய்க்கும்போதுகூட இடது காலைத் திருகிக்கொண்டே நிற்கிற ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்திருக்கிறார். விரலை உள்ளே விட்டார். சுருட்டின லேஸ் தட்டுப்பட்டது. துவைத்த வாசனை இன்னும் போகவில்லை.

"லேஸ் நீங்க கழட்டினதா?"

"இல்லை சார், வந்ததே அப்படித்தான். சார், ஒரு நிமிஷம், உங்ககிட்ட ஒண்ணு..."

அவர் ஷூவை வைத்துவிட்டுப் படியேறி ஓடிவிட்டார். டீயும் குடிக்கவில்லை.

வீட்டில் அன்றைக்கு அவர் சரியாகவே இல்லை. மனைவி பஸ் டிரைவர். பகல் முழுக்க நகரத்தைச் சுற்றிவிட்டு வந்து, வீட்டையும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரியே ஓட்டுகிறவர்.

"ஒரு ஷூ பார்த்தேன். வாங்கலாமா வேண்டாமான்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார் பாதம் சார்.

"என்ன ஷூ?"

சொன்னார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நாப்பத்தஞ்சு வயசுல பந்தாடப் போறீங்களா? பந்து எது தலை எதுன்னு தெரியாமப் போயிடப்போகுது. பத்து வருஷமா ஒரே செருப்பு, அதுவும் மூணு தடவை ஒட்டுப் போட்டாச்சு. ஆசைப்பட்டா வாங்கித் தொலைங்க. இதுக்குப் போய் எதுக்கு மூஞ்சி வெளுத்துக் கிடக்குது?"

மறுநாள் காலை கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டே வந்தார். பார்த்தார். நேற்று தெருவைப் பார்த்து இருந்த ஷூவின் மூக்கு இன்றைக்குப் படிக்கட்டைப் பார்த்து இருந்தது. யாராவது நகர்த்தியிருப்பார்கள் என்று மேலே போய்விட்டார். மத்தியானம் கட்டடத்தின் பின்வாசல் வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். இப்போது மூக்கு பின்வாசல் பக்கம் இருந்தது. கடையில் ஆள் இல்லை, கதவு பூட்டி, 'சாப்பாட்டு நேரம்' என்று அட்டை தொங்கியது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்த அலமாரி இருப்பது அவருக்கு உறைத்தது. ரேடியோவைப் பெரிதாக வைத்தார். அப்படியும் உறைத்தது.

புதன்கிழமை அவரால் முடியவில்லை. நேரே கடைக்குள் போனார். இடது ஷூவை எடுத்து உள்ளே இருந்த இன்சோலை உருவினார்.

கம்பெனி போட்ட இன்சோல் இல்லை அது. குதிகால் ஓரத்தில் இரண்டு சாய்ந்த வெட்டு. அவருடைய வெட்டு. அடியில் அவருடைய கையெழுத்திலேயே நம்பர்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த இரண்டு வெட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக இன்னொரு வெட்டு இருந்தது. தனியாக, ஒரே ஒரு வெட்டு. பட்டறைக் கத்தியால் போட்டதில்லை. ஏதோ சவர பிளேடால், நடுங்குகிற கையால், நிதானமாகப் போட்டது.

"உக்காருங்க சார்" என்று கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை, விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

"இதை யார் கொடுத்தாங்க?"

"அதைத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க பேயைக் கண்ட மாதிரி ஓடிட்டீங்க. போன மாசம் ஒருத்தர் கொண்டுவந்தார். கையில தடி. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பணம் வேண்டாம்னுட்டார். 'கண்ணாடியில வெச்சிருங்க. விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி அடியைத் திருப்பிப் பார்க்கிற ஒருத்தர் வருவார். அவருக்கு மட்டும் கொடுங்க. வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க'ன்னார். பேர் கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டார். லேஸைக் கோத்து வெக்கவான்னு கேட்டேன். அது என் வேலை இல்லைன்னு சொன்னார். அன்னிலேருந்து நான் அந்த ஷூவைத் தொடறதே இல்லை சார். ஒரு மாதிரியா இருக்கு."

"தொடறதே இல்லையா? தினமும் திரும்புதே?"

அந்த அம்மா அவரையே பார்த்தார். "நானும் நீங்கதான் வந்து திருப்பி வெச்சுட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்" என்றார். அந்த விஷயம் என்னவென்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

பாதம் சார் மேலே போனார். நம்பர் கையில் இருந்தது. நம்பர் வரிசையில் அலமாரியைத் தேடினார். தேட வேண்டிய தூரமே இல்லை. உட்கார்ந்தால் அவருடைய தலைக்கு நேர் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. ஆறு வருஷத்துத் தூசி படிந்த ஒரு ஜோடி வெள்ளைக் கால்.

அண்ணனுடைய இடது காலின் சுண்டு விரல் ஆட்டத்தில் உடைந்து, பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கியே சேர்ந்துபோனது. கோடிப் பேர் காலுக்கு நடுவிலும் தம்பிக்கு அந்த விரல் தெரியும். ஆனால் அந்த விரல் இங்கே இல்லையே! பிளாஸ்டர் இறுகியதும் முதல் காரியமாக, ரேடியோ கேட்டுக்கொண்டே, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் அவரே சீவித் தள்ளிவிட்டார். அண்ணன் கால் தம்பி மடியில் வந்து கிடந்திருக்கிறது. தம்பி கத்தியை எடுத்து அடையாளத்தைச் சீவிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு ஆறு வருஷமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணனோ பார்சலைப் பிரித்த அன்றைக்கே இரண்டு வெட்டைப் பார்த்திருப்பார். பார்சலில் பட்டறை விலாசம் அச்சடித்திருக்கும்.

வியாழக்கிழமை விடிந்ததும் மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். 'செத்துப் போ' என்று சொன்னதையும் சொன்னார். சொல்லும்போது குரல் பதினாலு வயசுக் குரலாக உடைந்துவிட்டது. அந்த அம்மா கேலி பேசவில்லை. "ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க" என்றார்.

"என்ன?"

"உங்க பட்டறைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டாப் இருக்கே. சனிக்கிழமை பதினோரு மணி வண்டி நான் எடுக்கும்போதெல்லாம் ஒரு ஆள் அங்க நிப்பார். தடி வெச்சிருப்பார். கதவைத் திறப்பேன், ஏறமாட்டார். கையை ஆட்டி போகச் சொல்லுவார். அவரைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஏன்னு இப்பத்தான் புரியுது. நிக்கிறப்ப இடது காலைத் திருகிட்டே நிப்பார். அப்புறம், மூக்கு உங்க மூக்கு."

"எத்தனை நாளா?"

"போன மாசம்னு நினைக்காதீங்க. ரெண்டு வருஷமாச்சும் இருக்கும்."

அப்போதுதான் பாதம் சாருக்குக் கோபம் வந்தது பாருங்கள், அது சாதாரணக் கோபம் இல்லை. ரெண்டு வருஷம்! போன வருஷம்தானே அம்மா போனார். அந்தப் பொடி டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போனார். ஒரு ரோட்டைக் கடந்து வந்து, "நான் சாகலைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் முப்பத்தோரு வருஷமா கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்காமக் கிடந்தேனே, அது விளையாட்டா? "வாங்கமாட்டேன். அது அங்கயே கிடந்து மட்கட்டும். வந்து பாத்துட்டுப் போகட்டும். எனக்கு அண்ணன் செத்துட்டான், அவ்வளவுதான்" என்று கத்தினார். மனைவி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசலில் நின்று, "வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா சனிக்கிழமை பதினோரு மணி வண்டி நான்தான் எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவர் கண்ணாடியைப் பார்க்காமலே மேலே ஏறினார். வைராக்கியம்! ஆனால் கத்தியை எடுத்தால் விரல் சீவக் கை வரவில்லை. யார் காலோ, யார் அண்ணனோ. சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு, திங்கட்கிழமை பார்க்காமல் விட்ட ஒன்று உறைத்தது. இடது ஷூவைத்தான் திருப்பினார். வலது ஷூவை அவர் பார்க்கவே இல்லை. தொழில்காரன் புத்தி சும்மா இருக்குமா? கீழே போய், வாங்குவதற்காகக் கேட்கவில்லை என்று கடைக்காரம்மாவிடம் விறைப்பாகச் சொல்லிவிட்டு, வலது ஷூவைத் திருப்பினார்.

குதிகால் புதுசு மாதிரி இருந்தது. மூக்கு மட்டும் சீவின பென்சில் மாதிரி தேய்ந்திருந்தது. தரையில் இழுபட்டுத் தேய்ந்தது. கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, பழையது மெல்லியதாக, புதியது ஆழமாக இருந்தன. பக்கவாதம் வந்த கால். இரண்டு வருஷமாக ஓய்ந்துகொண்டே வருகிற கால். இன்னும் கொஞ்ச நாளில் அது எழுந்து நிற்காது என்பது பாதம் சாருக்குத் தெரியும்.

'என் கால் ஓஞ்சப்புறம்தான்டா இது உன் காலுக்கு.'

அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கடையின் நடுவில் ஷூவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார் அந்த மனுஷன். கடைக்காரம்மா கதவில் 'சாப்பாட்டு நேரம்' அட்டையை மாட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, அடுக்கி வைத்ததையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பத்தரைக்குப் பாதம் சார் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். லேஸை எடுத்துப் பிரித்தார். ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்தார். அண்ணன் எப்போதும் மேல் ஓட்டையை விட்டுவிட்டுத்தான் கட்டுவார், இவரும் விட்டுவிட்டார். இன்சோலை வைத்துக் காலை உள்ளே விட்டார். அண்ணனுடைய குதிகால் பள்ளத்தில் அவருடைய குதிகால் போய் உட்கார்ந்தது. எழுந்து நடந்தபோது வலது மூக்கு தரையில் சர்ரென்று இழுபட்டது. அவருக்குக் காலில் ஒரு கோளாறும் கிடையாது. அப்படியும் இழுபட்டது.

ஒட்டுப்போட்ட செருப்பைக் கடைக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து ஸ்டாப்பில் போய் நின்றார். பத்து ஐம்பது. யாரும் இல்லை. அண்ணன் நிற்கிற இடத்திலிருந்து ஷூ எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க ஆசை. திரும்பிப் பார்த்தார்.

ஷூ வைத்திருந்த இடம் தெரியவில்லை. கடைக் கண்ணாடி முழுக்க வெயில். போகிற வருகிற வண்டிகளின் நிழல்தான் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் எந்த ஷூவும் யாருக்கும் தெரியாது. தலையைத் தூக்கினார். இரண்டாவது மாடி ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னலுக்குள்ளே காலியான அவருடைய நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால், இப்போதுதான் நடந்து வந்து நின்ற மாதிரி, வரிசையாக வெள்ளைக் கால்கள்.

அண்ணன் ஷூவைப் பார்க்க வந்ததே இல்லை. இரண்டு வருஷமாக ரேடியோ கேட்டதையும், தனியாகச் சாப்பிட்டதையும், அம்மா போன வாரம் முழுக்க மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்ததையும் ஒரு ஆள் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது பின்னால் கேட்டது. தடி ஒரு தட்டு. ஒரு காலடி. சர்ர். மறுபடியும் தட்டு, காலடி, சர்ர். பக்கத்தில் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போலக் கீழேதான் பார்த்தார். ரப்பர் செருப்புக்குள் ஒரு வீங்கின இடது கால். சுண்டு விரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

"மேல் ஓட்டையை விட்டுட்டுத்தான் கட்டியிருக்கே" என்றது குரல்.

"அம்மா போயிட்டாங்க" என்றார் பாதம் சார். கேட்க நினைத்த அத்தனை கேள்வியும் போய், அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"தெரியும். வந்திருந்தேன். எதிர்ப்பக்கம் நின்னேன்."

"அப்பா போனப்ப?"

"அப்பவும். உன் கல்யாணத்துக்கும். எதிர்ப்பக்கம்தான்டா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. "அன்னிக்கு ராத்திரியே ஊரை விட்டுப் போயிட்டேன். அப்புறம் பேப்பர்ல என் போட்டோவைப் பார்த்தேன். ஷூவை உனக்குத்தான் வெச்சேன், பந்து எடுக்க வருவியேன்னு. காவலாளி முந்திக்கிட்டான். ஊரே செத்துட்டான்னு அழுதப்புறம் எந்த மூஞ்சியோட வர்றது? நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னே..."

"நான் உன்னைச் செத்துப் போன்னு சொன்னேன்."

"சொன்னியா?" என்றார் அண்ணன். யோசித்தார். "எனக்கு ஞாபகம் இல்லையேடா."

பாதம் சார் அப்படியே அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் முதலில் முகத்தைப் பார்த்த ஆள் அண்ணன்தான். கிழடு தட்டிப்போன முகம். இடது கால் மட்டும் கீழே திருகிக்கொண்டே இருந்தது.

பதினோரு மணி வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. ஸ்டியரிங்கில் இருந்த அந்த அம்மா இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் வழக்கம்போலக் கையை ஆட்டிப் போகச் சொன்னார். வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்து, ரோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி நின்று இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா" என்று தடி இல்லாத கையைப் பிடித்தார் பாதம் சார். "அந்தப் பக்கம் போலாம்."

"முடியுமாடா?"

"மெதுவாப் போலாம். நான் பிடிச்சுக்கிறேன்."

இரண்டு பேரும் ரோட்டில் இறங்கினார்கள்.